எந்தக் களியைச் சொன்னார் முதலாளி?

கேம் ரூம் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பி தங்கைகளே, முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். பழைய வீடியோ கேம் ஜாலியா, புதிய வீடியோ கேம் ஜாலியா என்று என்னிடம் மட்டும் கேட்காதீர்கள். பதினாறு வருடம் அந்த அறையில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. நாற்பது வயதுக்காரர் ஒருவர் வருவார். "எங்க காலத்து கேம் மாதிரி வருமா?" என்று நெஞ்சைத் தடவிக்கொள்வார். அவர் மகள் எட்டிப் பார்த்து, "அய்யே, எல்லாம் கட்டம் கட்டமா இருக்கு" என்பாள். பிறகு இரண்டு பேரும் திரும்பி என்னைத் தீர்ப்புச் சொல்லச் சொல்வார்கள். நான் என்ன ஜட்ஜா? மத்தியானம் சோற்றுக்கு ஆள் மாற்றிவிட ஒருத்தர் வருவாரா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பவள்.

இதை எழுதச் சொன்னவன் உங்கள் இன்சார்ஜ் நந்தகுமார். போன வாரம் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க அக்கா, புதுசா ஆறு பேரு சேந்திருக்காங்க. உங்க அனுபவத்த நாலு பக்கம் எழுதிக் குடுங்க, பசங்க படிக்கோணும்" என்றான். எந்த ஒயரை எங்கே செருகுவது, ஹெட்செட்டை எதால் துடைப்பது என்பதையெல்லாம் அவனே சொல்லித் தருவான். நான் சொல்லப் போவது, கையும் காலும் உதறுகிற நேரத்தில் வாயில் என்ன வார்த்தை வர வேண்டும் என்பதைப் பற்றி. அதுவும் பெரும்பாலும் என் வாயில் தப்பான வார்த்தை வந்த கதைதான். சிரித்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

நான் தேவிகுளத்துக்குக் கீழே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் பிறந்தவள். என் அம்மா முப்பது வருடம் சரிவில் நின்றபடியே கொழுந்து கிள்ளியவள். நான் ரிசார்ட்டில் ஹவுஸ்கீப்பிங்கில் சேர்ந்தேன். காட்டேஜ்கள் எல்லாம் மலைச் சரிவில், ஒன்றுக்கு மேல் ஒன்று. கையில் பெட்ஷீட் மூட்டையோடு நாளெல்லாம் படி ஏறி இறங்கி, நாற்பதாவது வயதிலேயே என் முழங்கால் இரண்டும் கதவுக் கீல் மாதிரி சத்தம் போட ஆரம்பித்தன. அந்த நேரத்தில்தான் முதலாளி தன் வீட்டுப் பரணில் கிடந்த பழைய டிவி கேம் ஒன்றையும் ஒரு பெட்டி கேசட்டையும் கொண்டுவந்து, விருந்தாளிகள் விளையாடட்டும் என்று ஒரு அறையில் வைத்தார். பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். வேறு யாரும் வரமாட்டேன் என்றதால் என்னை அனுப்பினார்கள். உள்ளே போனேன். ஒரு நாற்காலி இருந்தது. "இதுல யாரு உக்காருவா?" என்று கேட்டேன். "நீங்கதான்" என்றார்கள். வேலை நேரத்தில், சம்பளத்தோடு, உட்கார ஒரு நாற்காலி! எங்கள் குடும்பத்தில் அப்படி உட்கார்ந்தது நான்தான் முதல். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் நாள் ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்து எழுந்து உட்கார்ந்து பார்த்தேன்.

இன்னொரு விஷயமும் இப்போதே சொல்லிவிட வேண்டும். எங்கள் மேனேஜர் மலையாளி. மலையாளத்தில் விளையாட்டுக்குக் 'களி' என்று பெயர். அவர் கேம் ரூமைக் 'களி ரூம்' என்பார். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். என் அறை வாசலில் மலையாளத்தில் 'பழய களி' என்று பலகையே மாட்டியிருந்தார்கள். என்னைப் 'பழய களி அக்கா' என்று கூப்பிடுவார்கள். நம் வீட்டு அடுப்பில் கேப்பை மாவைக் கிண்டினால் வருவதற்கும் அதே பெயர் என்பது எனக்குச் சுத்தமாக மறந்தே போயிருந்தது. அந்த மறதிதான் பின்னால் என்னைச் சந்தி சிரிக்க வைத்தது.

அதற்கு முன்னால் ஒரு சின்னக் கதை. ரிசார்ட்டில் எல்லோர் இடுப்பிலும் ஒரு வாக்கி-டாக்கி இருக்கும். ஒருவர் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். ஒரு நாள் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர், வயது ஐம்பதுக்கு மேல் இருக்கும், காலை டிபன் முடித்து உட்கார்ந்தவர் மத்தியானம் வரை எழுந்திருக்கவில்லை. விமானம் சுடுகிற கேம். அவர் மனைவி ரிசப்ஷனில் தேடிக்கொண்டிருக்கிறார். "களி அக்கா, சாருக்கு என்னாச்சு?" என்று ரிசப்ஷனிலிருந்து வாக்கி-டாக்கியில் கேட்டார்கள். நான் உள்ளதைச் சொன்னேன்: "அவருக்கு ரெண்டு உசுரு போயிருச்சு. கடைசி உசுருல இருக்காரு. அது போனதும் அனுப்பி வைக்கிறேன்."

ரிசப்ஷனில் அந்த அம்மா அலறிய அலறல் வாக்கி-டாக்கி இல்லாமலேயே எனக்குக் கேட்டது. இரண்டே நிமிடத்தில் ஸ்ட்ரெச்சரோடு நான்கு பேர் ஓடி வந்தார்கள். அந்தச் சத்தத்தில் அவருடைய கடைசி விமானமும் வெடித்தது. "யோவ், எல்லாம் உங்களாலதான்!" என்று அவர் ஸ்ட்ரெச்சர்காரர்களைப் பார்த்துக் கத்தினார். மேனேஜர் அன்றைக்கே 'வாக்கி-டாக்கியில் உசுரு பற்றிப் பேசக் கூடாது' என்று ஒரு காகிதம் ஒட்டினார். பேசுகிற நமக்கு வார்த்தையின் அர்த்தம் தெரியும், கேட்கிறவருக்கும் அதே அர்த்தம்தான் தெரியும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. இதை நான் அன்றைக்கே கற்றுக்கொண்டிருக்க வேண்டும். கற்கவில்லை.

நந்தகுமார் வந்தது அதற்குப் பிறகு. என் அறைக்கு எதிரிலேயே புதிய களி ரூம் திறந்தார்கள். கண்ணை மறைத்து மாட்டிக்கொள்கிற ஹெட்செட், பெரிய ஸ்கிரீன், ஸ்டீயரிங் வைத்த சீட், எல்லாம். அவனுக்குப் பாலக்காட்டுச் சித்தூர் பக்கம் பெருமாட்டி. இருபத்தாறு வயது, டிப்ளமா படித்தவன். பேச்செல்லாம் 'ங்க' போட்டு அவ்வளவு மரியாதை. அந்த மரியாதைதான் எனக்கு முதலில் எரிச்சலாக இருந்தது.

"ஏனுங்க அக்கா, உங்க கேம்ல மொத்தமே நாலு கலருதானுங்களா?"

"நாலு கலரு போதும்ப்பா. ஒன் கேம்ல நாப்பது கலரு இருக்கு, ஆனா வெளையாடணும்னா முக்கா மணி நேரம் அப்டேட்டு ஆகுது. அதுக்குள்ள இங்க ஒருத்தர் ஜெயிச்சுத் தோத்து, சண்டை போட்டுச் சமாதானமே ஆயிருவாரு."

"உங்களுதுல சேவ் பண்ண முடியாதுங்களே. கரண்டு போச்சுன்னா மொதல்ல இருந்துங்களே."

"பொறந்தா செத்துத்தான் ஆகணும். அதையும் சேவ் பண்ணிக்கிட்டா இருக்கோம்?"

அவன் சிரித்துக்கொண்டே போய்விடுவான். எனக்குத்தான் பொறுக்காது. "ஊர்ல தென்னந்தோப்பு இருக்குன்னு சொன்னியே, போய் அதப் பாக்க வேண்டியதுதான?" என்று ஒரு நாள் கேட்டேன். "தோப்பு பெரியப்பன் ஊட்டுதுங்க. எனக்கு இந்த வேலை ஒண்ணுதானுங்க" என்றான். அதற்குப் பிறகு நான் தோப்புப் பேச்சை எடுக்கவில்லை.

இப்படி இரண்டு வருடம் போயிருக்கும். ஒரு நாள் மேனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டு, இரண்டு களி ரூம் இனி இருக்காது, ஒன்றைக் காலி செய்து எண்ணெய் தேய்த்துவிடுகிற மசாஜ் அறை ஆக்கப் போகிறோம் என்றார். எது இருக்க வேண்டும், எது போக வேண்டும் என்று முதலாளியே வந்து விளையாடிப் பார்த்து முடிவு செய்வாராம். பழையது போனால் நான் மறுபடியும் ஹவுஸ்கீப்பிங்குக்கு, அந்தப் படிகளுக்கு. புதியது போனால் நந்தகுமார் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்கு. அவன் கான்ட்ராக்ட் ஆள், வேறு இடம் கிடையாது. வெளியே வந்து இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அவரவர் அறைக்குள் போய்விட்டோம். நான் என் நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டேன்.

முதலாளி வருவதற்கு முந்தின நாள் காலை வாக்கி-டாக்கியில் மேனேஜர் குரல் எல்லோருக்கும் கேட்டது. "மொதலாளி நாளெ வைகிட்டு வரும். பழய களியும் புதிய களியும் ரெடியாக்கி வெக்கணம். மொதலாளிக்குப் பழய களியா இஷ்டம். கிச்சன்ல நின்னு ஒராள் சகாயத்தினு வரும்." அதாவது நாளை சாயந்தரம் முதலாளி வருகிறார், இரண்டு களியும் தயாராக இருக்க வேண்டும், அவருக்குப் பழைய களிதான் பிடிக்கும், உதவிக்குச் சமையலறையிலிருந்து ஓர் ஆள் வருவார். பழையது பிடிக்கும் என்றதும் எனக்கு உயிர் வந்தது. ஆனால் என் மெஷின் அந்த வாரம் முழுக்க மக்கர் பண்ணிக்கொண்டிருந்தது. அவர் முன்னால் அது ஓட வேண்டுமே! நான் அதன் முதுகைத் திறந்து வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஊதிக்கொண்டிருந்தபோது வாக்கி-டாக்கியில் பாண்டி அண்ணன் கூப்பிட்டார்.

பாண்டி அண்ணன் எங்கள் சமையல்காரர். போடிப் பக்கத்திலிருந்து மலையேறி வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. மலையாளம் ஒரு அட்சரம் தெரியாது. உதவிக்கு வருகிற ஆள் அவர்தான் போல என்று நான் நினைத்தேன்.

"யக்கா, இந்தப் பழைய களி எம்புட்டுப் பேருக்குக்கா?"

"ஒரு நேரத்துக்கு ரெண்டு பேருதாண்ணே முடியும். பின்னால ஒரு பத்துப் பேரு நின்னு பாப்பாக."

"பாப்பாகளா? அவுகளுக்குக் கெடையாதா?"

"அவுகளுக்கு எதுக்கு? பாக்குறதுதான் அவுகளுக்குச் சந்தோசமே."

பிறகு, "சூடா இருக்கணுமாக்கா?" என்றார்.

"யாத்தாடி, சூடாகவே கூடாது. சூடாச்சுன்னா பாதியில நின்னுபோயிரும். ஃபேனப் போட்டு ஆற வச்சுக்கிட்டே இருக்கணும்."

"பழசுன்னா எம்புட்டுப் பழசுக்கா?"

"அது ஆச்சு முப்பது வருசம். மொதலாளி வீட்டுல இருந்து வந்ததுண்ணே. அவரு பிள்ளைக எல்லாம் அதுலதான் வளந்ததுக."

"அடேங்கப்பா. சரிக்கா. வேற எதும் பக்குவம் இருக்கா?"

"பெருசா ஒண்ணுமில்ல. போடுறதுக்கு முன்னால நல்லா ஊதணும்."

"எதாலக்கா?"

"வாயாலதான்."

"மொதலாளிக்கு முன்னாலயேவா?"

"அவரே ஊதுவாருண்ணே! நீங்க ஊதலைன்னாத்தான் கோவிச்சுக்குவாரு."

"சரிக்கா" என்றார் பாண்டி அண்ணன். அந்தக் குரலில் ஒரு பெரிய பாரம் இருந்தது. மனிதர் புதிய இடம், பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் என் மெஷினை ஊதப் போய்விட்டேன்.

மறுநாள் சாயந்தரம் முதலாளி வந்தார். வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒல்லியான உருவம், எழுபது வயது. அதிகம் பேச மாட்டார். ஒரு தடவை சொன்னதை இரண்டாவது தடவை கேட்டால் பிடிக்காது. அதனால் மேனேஜர் அவர் பக்கத்தில் காதைத் தீட்டிக்கொண்டேதான் நிற்பார்.

முதலில் புதிய களி. நந்தகுமார் பணிவாக ஹெட்செட்டை மாட்டிவிட்டான். வானுயர்ந்த கட்டடத்தின் உச்சியில் ஒரு பலகை நீட்டிக்கொண்டிருக்கும், அதன்மேல் நடக்க வேண்டும், அதுதான் விளையாட்டு. தரையில் நின்றுகொண்டுதான் நடக்கிறோம் என்று மூளைக்குத் தெரியும், காலுக்குத் தெரியாது. முதலாளி ஓர் அடி வைத்தார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். இன்னோர் அடி வைத்தார். "அய்யோ, என்டெ அம்மே!" என்று ஓர் அலறல். கைக்கு அகப்பட்டது மேனேஜரின் கழுத்து. அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "விடல்லே, விடல்லே", விட்டுவிடாதே என்றார். மேனேஜருக்கு மூச்சு முட்டியது. ஆனால் முதலாளியின் கையை எடுத்துவிடுகிற தைரியம் யாருக்கு உண்டு? ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்த நாங்கள் பத்துப் பேரும் முந்தானையையும் தொப்பியையும் வாயில் அடைத்துக்கொண்டோம்.

பழையது ஜாலியா, புதியது ஜாலியா என்கிற கேள்விக்கு எனக்குப் பதில் கிடைத்தது அங்கேதான். புதிய கேமில் ஜாலி இல்லை என்று யார் சொன்னது? வயிறு வலிக்க வலிக்கச் சிரித்தோமே! ஆனால் சிரித்தது ஜன்னலுக்கு வெளியே நின்ற நாங்கள். பழைய கேமிலும் அதே கதைதான். விளையாடுகிறவன் வியர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருப்பான். "லெப்ட்ல போடா, போச்சுடா, நீயெல்லாம் எதுக்குடா ரிமோட்டப் பிடிக்கிற" என்று திட்டுகிறவனுக்குத்தான் கொண்டாட்டம். பழையதோ புதியதோ, விளையாடுகிறவருக்கு ஒரு நாற்காலி போட்டால் வேடிக்கை பார்க்கிறவர்களுக்கு ஒரு பெஞ்சு போடுங்கள். பெஞ்சு இல்லாத கேம் ரூமில் எந்த கேமும் ஜாலியாக இருக்காது. இதற்கு மேல் இந்தக் கேள்வியில் ஒன்றுமில்லை.

முதலாளி வெளியே வந்து தண்ணீர் கேட்டார். நந்தகுமார் முகம் செத்துவிட்டது. அடுத்து என் அறை. நான் ஸ்விட்சைப் போட்டேன். நீலத் திரை. கேசட்டை எடுத்து ஊதிப் போட்டேன். நீலம். முதலாளி தானே வாங்கி ஊதிப் போட்டார். நீலமே. மேனேஜர் தன் கழுத்தைத் தடவிக்கொண்டே, இது எப்போதும் இப்படித்தான் சார் என்று மலையாளத்தில் சொன்னார். என் கண் முன்னால் அந்தப் படிகள் வரிசையாக வந்தன.

அப்போது யாரோ என்னைத் தாண்டிக்கொண்டு டிவிக்குப் பின்னால் போனார்கள். பார்த்தால் நந்தகுமார். குனிந்து எதையோ அமுக்கினான். திரையில் படம் வந்துவிட்டது.

"ஒயரு பின்னு ஆடுதுங்க அக்கா. நான் புடிச்சுக்கறனுங்க, நீங்க வெளையாடுங்க" என்றான் மெதுவாக.

முதலாளிக்கும் எனக்கும் டாங்கிச் சண்டை. இங்கே ஒரு பாடம் எழுதிக்கொள்ளுங்கள்: மேலதிகாரியிடம் வேண்டுமென்றே தோற்காதீர்கள். அவர்களுக்குத் தெரிந்துவிடும், அதைப் போல அவமானம் அவர்களுக்கு வேறில்லை. நான் அவரை முதல் ஆட்டத்தில் சுட்டுத் தள்ளினேன். இரண்டாவதிலும் சுட்டேன். மேனேஜர் என்னைப் பார்த்து முறைத்தார். முதலாளி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "ஒன்னுகூடி" என்றார். இன்னொன்று என்று அர்த்தம். அப்படி ஆறு தடவை 'ஒன்னுகூடி' சொன்னார். முக்கால் மணி நேரம். டிவிக்குப் பின்னாலிருந்து நடு நடுவே ஒரு குரல் வரும்: "ஏனுங்க அக்கா, முடிஞ்சுதுங்களா? கை மரத்துப் போச்சுங்க."

எட்டாவது ஆட்டத்தில் முதலாளி என்னை நியாயமாகவே ஜெயித்தார். எழுந்து நின்று கையைத் தட்டினார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. தலையில் வெள்ளைத் தொப்பி, தள்ளுவண்டியில் பளபளக்கிற மூடி போட்ட இரண்டு தட்டு, பக்கத்தில் ஒரு கிண்ணம் கருவாட்டுக் குழம்பு. பாண்டி அண்ணன்.

"மொதலாளி, பழைய களியும் புதுக் களியும் ரெடிங்கய்யா" என்று இரண்டு மூடியையும் தூக்கினார். இரண்டிலும் கேப்பைக்களி. ஒன்றில் ஆவி பறந்தது. இன்னொன்று முந்தின நாள் கிண்டியது, ஓரமெல்லாம் வெடித்துப் போய்க் கருங்கல் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"அக்கா சொன்னாப்புல பழைய களிய ராத்திரி பூரா ஃபேனப் போட்டு ஆற வச்சிருக்கேன். ரெண்டு பேருக்குத்தான் செஞ்சேன், மத்தவுக நின்னு பாப்பாகன்னு அக்கா சொன்னாக. ஆனா இந்த வாயால ஊதுறது மட்டும் எனக்கு மனசு வரலைங்கய்யா. நீங்களே ஊதிக்கிருவீகன்னு அக்கா சொன்னாக. அதான் அப்படியே கொண்டாந்துட்டேன். மன்னிச்சுக்கிருங்க."

முந்தின நாள் பேசியதெல்லாம் எனக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. பூமி பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது. மேனேஜர் சிவந்துபோய்ப் பாண்டி அண்ணனைப் பார்த்துக் கையை ஓங்காத குறையாக, "ஆரா தன்னோடு இது பறஞ்ஞது?" என்றார்.

யார் சொன்னது என்று கேட்கிறார். பாண்டி அண்ணன் புதிய ஆள், எந்த அக்கா என்று அவர் சொல்லவில்லையே என்று சும்மா இருந்திருக்கலாம். ஒரு நிமிடம் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். "நாந்தான் சொன்னேன் சார். மெஷினப் பத்திக் கேக்குறாருன்னு நெனச்சு நான் சொல்லிட்டேன். அவரு மேல தப்பில்ல" என்றேன்.

முதலாளிக்கு விளங்க ஒரு நிமிடம் ஆனது. தட்டைப் பார்த்து, "இதும் களி?" என்றார். "ஆமாங்கய்யா, களி" என்றார் பாண்டி அண்ணன். டிவியைக் காட்டி, "அதும் களி?" என்றார். "ஆமா மொதலாளி" என்றேன் நான். மனிதர் சிரித்தார் பாருங்கள்! அத்தனை வருடத்தில் அவர் பல்லை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். பிறகு மரியாதைக்காகச் சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்து புதிய களியில் ஒரு வாய், பழைய களியில் ஒரு வாய், குழம்பில் முக்கிச் சாப்பிட்டார். விரலைத் துடைத்தபடி காருக்குப் போனார். ஏறுவதற்கு முன்னால் திரும்பி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்:

"பழய களி மதி. புதியது வேண்டா."

பழைய களி போதும், புதியது வேண்டாம். கார் போய்விட்டது.

மேனேஜர் அப்படியே நின்றார். எது போதும்? எது வேண்டாம்? விளையாடியதும் களி, தின்றதும் களி. காரைத் துரத்திப் போய்க் கேட்கவா முடியும்? முதலாளியிடம் இரண்டாவது தடவை கேட்டவர்கள் யாரும் நல்லபடியாகத் திரும்பியதில்லை. என்னிடம் வந்தார். "முருகேஸ்வரி, மொதலாளி ஏது களியா உத்தேசிச்சது?" எந்தக் களியை நினைத்துச் சொன்னார் என்று என்னைக் கேட்கிறார்!

எனக்குத் தெரியும். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது அவர் சொன்னது கேமைத்தான். ஆறு தடவை 'ஒன்னுகூடி' சொன்ன மனிதர் வேறு எதைச் சொல்வார்? "கேமைத்தான் சார்" என்று உள்ளதைச் சொன்னால் போதும், என் நாற்காலி எனக்கு. முழங்கால் தப்பித்தது. யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது.

அப்போது நந்தகுமார் டிவிக்குப் பின்னாலிருந்து மெதுவாக எழுந்து வந்தான். வலது கை விரல்களை இடது கையால் நீவிக்கொண்டிருந்தான். முகத்தில் தூசி. அவனும் முதலாளி சொன்னதைக் கேட்டிருந்தான். நேராகத் தன் அறைக்குப் போய் ஹெட்செட்டுகளை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பெட்டிக்குள் வைக்க ஆரம்பித்தான். அந்த ஒயரை அவன் பிடிக்காமல் இருந்திருந்தால் இப்போது பெட்டி கட்டிக்கொண்டிருப்பது நான். பாவிப் பயலே, உன்னை யாருடா வந்து பிடிக்கச் சொன்னது என்று மனதுக்குள் திட்டினேன்.

"சாப்புடுற களியத்தான் சார் சொன்னாரு" என்றேன் மேனேஜரிடம். "பழசுதான் புடிச்சிருக்காம். இனிமே வந்தா ஆறினதே போதும், புதுசாக் கிண்ட வேணாம்னாரு. கேமப் பத்தி ஒண்ணும் சொல்லல. அதுனால இப்ப இருக்கிறபடியே இருக்கட்டும்."

மேனேஜர் நீண்ட மூச்சு விட்டார். முடிவெடுக்க வேண்டாம் என்றால் அவருக்கும் நிம்மதிதான். பாண்டி அண்ணனைக் கூப்பிட்டு, முதலாளி வருகிற நாளுக்கு முந்தின நாளே களி கிண்டி வைக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார். இரண்டு அறையும் இருந்தன. மசாஜ் அறை கீழே ஸ்டோர் ரூமுக்குப் போனது.

சொல்லிவிட்டேனே தவிர, அடுத்த மாதம் முதலாளி வரும் வரை எனக்குத் தூக்கமில்லை. வந்தார். பளபளக்கிற மூடியைத் தூக்கி அவர் முன்னால் ஆறிப்போன களியை வைத்தார்கள். "மொதலாளி பறஞ்ஞதுபோலெ, பழயது மாத்ரம்" என்றார் மேனேஜர் பெருமையாக. நீங்கள் சொன்னபடி பழையது மட்டும் என்று அர்த்தம். அதை விளக்கிச் சொன்னவள் இவள்தான் என்று என் பக்கம் கையும் காட்டினார். முதலாளி தட்டைப் பார்த்தார். எதிரே புதிய களி ரூமில் விளக்கு எரிவதைப் பார்த்தார். கதவோரம் நின்ற என்னைப் பார்த்தார். தட்டைக் காலி செய்துவிட்டு எழுந்து போனார். அப்பாடா, நிஜமாகவே பிடித்துத்தான் சொல்லியிருக்கிறார் போல, நான்தான் தப்பாக நினைத்துவிட்டேன் என்று நானே நம்ப ஆரம்பித்தேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம், மாதம் ஒரு தட்டு.

நான் ஓய்வு பெற்ற நாளில் முதலாளி வந்திருந்தார். மாலை போட்டார்கள், போட்டோ எடுத்தார்கள், நந்தகுமார் பேச எழுந்து பேச முடியாமல் உட்கார்ந்துவிட்டான். எல்லாம் முடிந்து ஆளாளுக்குக் கலைந்தபோது பெஞ்சில் நானும் முதலாளியும் மட்டும் இருந்தோம். பாண்டி அண்ணன் வழக்கம்போலத் தட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். முதலாளி அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முருகேஸ்வரி, அன்னு ஞான் பறஞ்ஞது கேமின்டெ காரியமா" என்றார். அன்றைக்கு நான் சொன்னது கேமைப் பற்றித்தான் என்கிறார்.

"அப்ப... இந்தக் களி?"

"எனிக்கு இது தீரே இஷ்டமல்ல." துளிக்கூடப் பிடிக்காதாம்.

"பெறகு எதுக்கு மொதலாளி அஞ்சு வருசமாத் தின்னீங்க?"

அவர் எதிர் அறையைப் பார்த்தார். உள்ளே யாரோ பலகை மேல் நடந்துகொண்டிருந்தார்கள். அந்த அறைப் பெஞ்சில் இருந்த கூட்டம் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தது. நந்தகுமார் அந்த ஆளின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"தின்னில்லெங்கில் நீ பறஞ்ஞது கள்ளமாகுமல்லோ" என்றார் முதலாளி.

நான் தின்னாவிட்டால் நீ சொன்னது பொய்யாகிவிடுமே. அவ்வளவுதான் சொன்னார். பிறகு தட்டை மெல்ல என் பக்கம் தள்ளினார். "இனி நீ தின்னோ."

ஒரு வாய் பிட்டு வாயில் போட்டேன். பிள்ளைகளே, சும்மா சொல்லக் கூடாது, மகா கண்றாவி. மண்ணாங்கட்டியை மென்ற மாதிரி இருந்தது. இதையா இந்த மனுஷன் மாசா மாசம் தின்றார் என்று நினைத்ததும் எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாய் நிறையக் களியோடு நான் தேம்பித் தேம்பி அழுவதைத் தூரத்திலிருந்து பார்த்த பாண்டி அண்ணன், குழம்பில் காரம் கூடிவிட்டது என்று பதறிக்கொண்டு தண்ணீர் எடுக்க ஓடினார்.